அவன் வந்த நாட்கள்

என்னிடம் எட்டு வருடம் வேலை செய்த ஒருவன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அரைப் பக்கம்தான். அதை எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. எழுதிக் கொடுத்த கடிதம் அவனுடைய விசாவைக் கவிழ்த்துப் போட்டது. மிதக்கிற சாமான் செய்வதுதான் என் தொழில். கவிழ்க்கிற வேலையை நான் யாரிடமும் படிக்கவில்லை. ஆனாலும் கச்சிதமாகச் செய்து முடித்தேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் எனக்கு ஒரு படகுப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர் கிடையாது. இருக்கிற ஒரு சுவரோடு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற கலண்டர் ஒன்று. வாவியில் வலை போடுகிறவர்களுக்கு பைபர் தோணியும், கடலுக்குப் போகிறவர்களுக்கு இஞ்சின் படகும் செய்கிறோம். உடைந்து வருவதை ஒட்டியும் கொடுக்கிறோம். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பூசி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியே தள்ள வேண்டும். அதன் மேல் இன்னொரு படை, அதன் மேல் இன்னொன்று. ஒரு குமிழி உள்ளே நின்றாலும் இரண்டு வருடத்தில் அந்த இடம் வெடித்துத் தண்ணீர் குடிக்கும்.

அவன் உருட்டிய இடத்தில் குமிழி நின்றது என்று ஒருவரும் வந்து சண்டை பிடித்ததில்லை. நான் உருட்டிய இடத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறார்கள். பட்டறை என்னுடையது, கை அவனுடையது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது.

அவனுக்கு ஊர் பழுகாமம். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். முப்பத்தெட்டு வயது. மனைவி, பத்து வயதில் ஒரு மகள், அந்த ஊர் வயல்வெளியில், வட்டை என்போம், கொஞ்ச நிலம். காலையில் மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வருவான். அதிகம் பேசமாட்டான். வந்ததும் அன்றைய கலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைப்பான். அன்று ஒரு படகின் கடைசிப் படை போடுவதாக இருந்தால், முன்பக்கம், அணியத்தின் உட்புறத்தில், அந்தத் தாளை வைத்து அதன் மேல் ரெசினைப் பூசிவிடுவான். ரெசின் பட்டதும் தாள் எண்ணெய்க் கடதாசி மாதிரித் தெளிந்து போகும். திகதியும் கிழமையும் ராகுகாலமும் மட்டும் அப்படியே நிற்கும். பெரிய ஒட்டு வேலைக்கும் ஒரு தாள் வைப்பான். ஏன் என்று கேட்டதற்கு, "படகுக்கும் பிறந்த நாள் தெரியத்தானே வேணும்" என்றான். கலண்டரில் நாளைய தாள் நிற்க, இன்று என்ன திகதி என்று தெரியாமல் நான் எத்தனையோ முறை அவனை ஏசியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியா விஷயம் அவனுடைய மனைவியின் ஒன்றுவிட்ட தமையனால் வந்தது. அவர் அங்கே ஒரு படகுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இவன் உருட்டுகிறதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, அதை அவர் தன் முதலாளிக்குக் காட்டியிருக்கிறார். அந்த முதலாளி ஒரு நாள் வீடியோவில் வந்து, ஒரு மணித்தியாலம் இவனுடைய முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் ஸ்பொன்சர் பண்ணுகிறேன் என்றார். முதலாளி பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால் வேலைக்காரனுக்கு அங்கே குடியிருக்க விசா கிடைக்கும். மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து இரவோடு இரவாகப் படகேறி அந்த நாட்டுக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது படகு கட்டத் தெரிந்தவனைக் கடதாசி அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது, கடதாசி என் மேசைக்கு வரும்வரை.

"அண்ணன், ஒரு கடிதம் வேணும்" என்றான் ஒரு காலையில்.

"என்ன கடிதம்?"

"இஞ்ச எத்தன வருசம் வேல செஞ்சன், என்ன என்ன செஞ்சன் எண்டு. ஆறு வருசம் முழுநேரம் செஞ்சிருக்கணுமாம். அத நீங்கதான் எழுதித் தரணும்."

"எழுதுவம்" என்றேன். என் குரலில் உற்சாகம் இல்லை என்பது எனக்கே கேட்டது.

முதல் கிழமை, பெயர் அச்சடித்த கடிதத்தாள் இல்லை என்றேன். பட்டறைக்கு என்றைக்குமே அப்படி ஒன்று இருந்ததில்லை. இரண்டாம் கிழமை, முத்திரை தேய்ந்துவிட்டது என்றேன். மூன்றாம் கிழமை பாசிக்குடாவிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் ஆறு படகுக்கு ஓர்டர் கொடுத்தார். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, கடிதமாம் கடிதம் என்று எரிந்து விழுந்தேன். அவன் அடுத்த நாள் மத்தியானம் டவுனுக்குப் போய், கடிதத்தாள் அடித்து, புது முத்திரையும் வெட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ரோலரை எடுத்துக்கொண்டு போனான். இனிமேல் சொல்ல என்னிடம் சாட்டு இருக்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோது உண்மையிலேயே நல்ல கடிதம் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நான் சத்தியம் பண்ணியும் சொல்வேன். அவன் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். குமிழி நிற்காத கை என்று எழுதினேன். குடிக்கமாட்டார், பொய் சொல்லமாட்டார் என்று எழுதினேன். பிறகு எனக்கு மிகவும் பிடித்த அந்த வசனத்தை எழுதினேன்: "விதைப்புக்கும் வெட்டுக்குமாக வருடத்தில் நான்கு மாதம் வயலுக்குப் போவார். ஆனால் எட்டு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பி வராமல் விட்டதில்லை."

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. வேளாண்மை வெட்டப் போகிற ஆள் பிறகு திரும்பி வருவான் என்று எந்தப் பட்டறைக்காரனும் நம்பிக்கொண்டு இருக்கமாட்டான். வெட்டு முடிந்த கையோடு கல்யாணம், கோயில், வேறு வேலை என்று ஆள் கரைந்துவிடும். திரும்பி வருகிறவன்தான் மனிதன். அதை எழுதினால் அவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். டவுனில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரான ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் அதை ஆங்கிலமாக்கினார். அந்த வசனத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, "இதுவும் வேணுமா?" என்று கேட்டார்.

"அதுதான் முக்கியம் ரீச்சர்" என்றேன்.

ஒன்றரை மாதத்தில் ஒரு போன் வந்தது. அங்கே தகுதி பார்க்கிற அலுவலகத்துக்காகப் பேசுகிறேன் என்றார் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மரியாதையான குரல். கடிதம் எழுதியது நான்தானா, கையெழுத்து என்னுடையதா என்று கேட்டுவிட்டு, "வருசம் முழுக்க வேலை செய்தவரோ அண்ணை?" என்றார். அன்றைக்கு அவன் மழைக்கு முன் விதைக்க வேண்டும் என்று வயலுக்குப் போயிருந்தான். ஹோட்டல் படகு இரண்டு அச்சுக்குள் கிடந்தது. நான் எரிச்சலின் உச்சத்தில் நின்றேன். "எங்க செஞ்ச? விதைப்பு வெட்டெண்டா ஆள் இல்ல. நாலு மாசத்தக் கழிச்சுத்தான் பார்க்கணும்" என்றேன். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

அவர்கள் நான் சொன்னபடியே கழித்துப் பார்த்தார்கள். வருடத்தில் எட்டு மாதம் வீதம் எட்டு வருடம். ஐந்து வருடமும் நான்கு மாதமும் வந்தது. அவர்கள் கேட்டது ஆறு. போதிய முழுநேர அனுபவம் காட்டப்படவில்லை என்று பதில் வந்தது.

அவன் அந்தப் பதிலைப் போனில் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முழுக்க அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அங்குள்ள முதலாளி மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றிருந்தார். அதற்குள் புது ஆதாரம் கொடுத்தால் திரும்பப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். இதை அவன் சொன்னது எனக்கு அல்ல, அன்று கூலிக்கு வந்து பக்கத்தில் நின்ற இன்னொருவனுக்கு. நான் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

எனக்குச் சொல்ல வந்தது அவனுடைய மனைவி. மறுநாள் பஸ் ஏறி, பட்டறைக்கே வந்துவிட்டாள். மகளுக்கு அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தின் படத்தைக் காட்டி வைத்திருந்தார்களாம். அதை எடுத்துச் சொல்லி அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அண்ணன், எங்கட வட்டைக்கு வெட்டு மிசின் வந்து எத்தன வருசம்?"

"அஞ்சாறு வருசம் இருக்கும்."

"அது எங்கட துண்ட எத்தன மணித்தியாலத்தில வெட்டும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"ரெண்டு மணித்தியாலம். காய விட்டு அள்ளுறதோட நாலு நாள். விதைப்புக்கு ஒரு கிழம. நாலு மாசம் எண்டு எங்கால எழுதின நீங்க?"

"நான் பொய் எழுதல்ல. அவன் இல்லாம நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்."

"அதுதான் அண்ணன். வராத நாளத்தான் எண்ணி வச்சிருக்கிறீங்க. வந்த நாள எண்ணல்ல."

நான் ஒரு பாட்டம் கத்தினேன். எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டார்கள் என்றேன். என்னைவிட்டால் அவனுக்கு வேலை பழக இடம் இருந்ததா என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுகா வாறன் என்று சொல்லாமலே போனாள். அவன் மெழுகு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அந்தக் கிழமை ரெசின் வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எனக்குச் சாமான் தருகிற முஸ்லிம் கடைக்காரரை நான் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சவூதியில் பதினொரு வருடம் குளிரூட்டி திருத்துகிறவராக இருந்து, வந்து கடை போட்டவர். அவர் எனக்காகப் பரிந்து பேசுவார் என்ற நம்பிக்கையில் முழுக் கதையையும் சொன்னேன். உண்மையைத்தானே எழுதினேன் காக்கா, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அவர் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுத் தன்னுடைய கபீலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அங்கே விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற முதலாளிக்கு அப்படித்தான் பெயர். "ஆறாம் வருசம் வேற கொம்பனியில நல்ல வேல ஒண்டு வந்திச்சு. கபீல் விடுறன் எண்டு ஒரு கடிதம் தரணும். அந்தாள் தரல்ல. பெருநாளைக்குப் பிறகு எண்டார், ஹஜ்ஜுக்குப் பிறகு எண்டார். அந்த வேல போயிட்டு."

"மோசமான ஆளா காக்கா?"

"சீச்சீ. தங்கமான மனிசன். என்ட உம்மா மவுத்தானப்ப அடக்கத்துக்கு டிக்கட் போட்டு அனுப்பின. என்னோட வேல செஞ்ச ஒரு சோம்பேறி கேட்டான், அவனுக்கு அண்டைக்கே கடிதம் குடுத்திட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நான் நல்லா வேல செஞ்சதுதான் எனக்குக் குற்றம்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. தன் கதையைத்தான் சொன்னார். ஆனால் ரெசின் பீப்பாவைக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் வரும்போது எனக்கு உடம்பு கூசியது. கடிதத்தாள் இல்லை என்றது, முத்திரை தேய்ந்தது என்றது எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த நல்ல வசனத்தை நான் புகழ்ச்சியாகத்தான் எழுதினேன்; அது உண்மை. ஆனால் நான்கு மாதம் என்று எழுத எனக்கு யார் சொன்னார்கள்? பாராட்டுகிற சாட்டில் என் மனக்குறையையும் அதற்குள் போட்டு ஒட்டிவிட்டேன். உருட்டி வெளியே தள்ளாமல் விட்ட குமிழி அதுதான்.

புதுக் கடிதம் எழுதுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அதைத்தான் மன்னிப்பாகக் கேட்டேன்.

"வெறும் கடிதம் சரிவராது அண்ணன். முதல் ஒண்டு எழுதி, இப்ப இன்னொண்டு எழுதினா நம்புவாங்களா? ஆதாரம் கேக்காங்க."

ஆதாரத்துக்கு எங்கே போவது? எங்கள் பட்டறையில் ஆள் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. வரவுப் புத்தகம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. இரண்டு நாள் பழைய பெட்டிகளைக் கிளறி, ரெசின் வாங்கிய துண்டுகளைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு மீன்காரர் அடியில் கீறல் விழுந்த தோணியொன்றைக் கொண்டுவந்தார். கவிழ்ப்பதற்கு முன் உள்ளே குனிந்து பார்த்தேன். அணியத்தில் மஞ்சள் பாரித்த ரெசினுக்கு அடியில் ஒரு கலண்டர் தாள். மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. நான் ஆள் இல்லை என்று எழுதிய வெட்டு மாதம்.

நான் அவனைக் கூப்பிடவில்லை; கத்தினேன். ஓடி வந்தான். தாளைக் காட்டினேன். அவன் சும்மா பார்த்தான். தான் வைத்த தாள்தானே, அவனுக்கு அதில் என்ன புதினம்?

"இப்பிடி எத்தன கிடக்கும்?" என்றேன்.

"ஆத்திலயும் கடல்லயும் ஓடுற எல்லாத்திலயும் கிடக்கும்."

அடுத்த பத்து நாட்கள் பட்டறை வேலையை நிறுத்திவிட்டு அவனும் நானும் வாவியைச் சுற்றினோம். ஹோட்டல்காரர் போனில் ஏச ஏச, போனை எடுக்காமல் விட்டேன். எட்டு வருடத்தில் நான் அவனுக்குச் செய்த முதல் நல்ல காரியம் அதுவாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் அவன் ஓட்ட, நான் பின்னால் இருந்தேன். ஒவ்வொரு துறையாகப் போய், தோணிகளின் மூக்குக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தோம். வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "என்ன முதலாளி, உங்கட படகுக்குப் பேன் பார்க்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே சேற்றில் இறங்கி, தூரத்தில் கட்டியிருந்த நான்கு தோணிகளை இழுத்து வந்தார். அவன் விசாவுக்கு வாவியே சேர்ந்து இழுத்த மாதிரி இருந்தது.

ஒவ்வொரு தாளும் எனக்கு ஒரு அடி. மார்கழியில் வாவி பெருகி ஊர்ப் பாதையெல்லாம் தண்ணீர் நின்ற கிழமையிலும் ஒரு தாள். விதைப்பு மாதத்தில் ஐந்தாறு. யானை வட்டைக்குள் இறங்குகிற காலத்தில் வரிசையாக மூன்று. அந்த நாட்களில் இரவில் வயலில் காவல் இருந்துவிட்டு விடிந்ததும் நேரே வேலைக்கு வந்திருக்கிறான். அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்த அவனை நான் எழுப்பி ஏசியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஏன் தூங்கினான் என்று கேட்டது ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

எட்டாம் நாள் கல்லடிப் பக்கம் ஒரு இஞ்சின் படகு. குனிந்து பார்த்தேன். ஐப்பசி, வியாழக்கிழமை. படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தால் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன?"

"ஒண்டுமில்ல. அண்டைக்கு அப்பாட எட்டு."

அவனுடைய அப்பா இறந்தபோது செத்த வீட்டுக்குப் போனேன். பந்தலில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். எட்டாம் நாள் சடங்கு என்றைக்கு என்று எண்ணி வைத்திருக்கவில்லை.

"எட்டண்டைக்கா வேலைக்கு வந்த நீ?"

"படையல முடிச்சிட்டுப் பின்னேரம் வந்தன். அடுத்த நாள் இந்தப் படகு இறக்கணும் எண்டு நிண்டீங்க."

"எனக்கு நீ சொல்லல்லியே."

"சொன்னன் அண்ணன். நீங்க போன்ல கதைச்சிட்டிருந்தீங்க. தலையாட்டினீங்க."

அந்தப் பின்னேரம் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. நெற்றியில் திருநீறு காயாமல் அவன் உள்ளே வந்ததும், போனைக் காதிலிருந்து எடுக்காமலே நான் சொன்னதும். "இண்டைக்கும் பிந்தித்தான் வந்த நீ." அவன் கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போனான்.

படகுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலா அண்ணன், தண்ணி வாங்கி வரட்டா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுக்கு முன்னால் அழக்கூடாது என்பதற்காகப் போனில் எடுத்த படங்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். அதில் கண் தெரிந்தால்தானே.

எழுபத்தொரு தாள் கிடைத்தது. நான் கழித்துக் கொடுத்த அந்த நான்கு மாதங்களுக்குள் மட்டும் இருபத்தெட்டு. ஒரு தாள் என்றால் ஒரு நாள் அல்ல. ஒரு படகை முடிக்க அந்தத் தாளுக்கு முன்னால் அவனுக்கு ஒரு கிழமை வேலை இருக்கும். அவன் இல்லாத நாட்களை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் வருடத்துக்கு இரண்டு கிழமைக்கு மேல் வரவில்லை. அவனுடைய மனைவி நின்றபடியே சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது கடிதத்தை ஒரே இருப்பில் எழுதினேன். முதல் கடிதத்தில் நான்கு மாதம் என்று நான் எழுதியது பிழை, போனில் சொன்னதும் பிழை என்று தொடங்கினேன். இவர் என்னை விட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அந்த எரிச்சலில் எழுதினேன் என்றும் எழுதினேன். அந்த வசனத்தில் ரீச்சர் மறுபடியும் பேனையை நிறுத்தினார்.

"இப்பிடி ஒருத்தரும் எழுதுறல்ல. உங்களுக்குத்தான் மரியாதை இல்லாமப் போகும்."

"இதுவும் முக்கியம்தான் ரீச்சர்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். எழுபத்தொரு படத்தையும், தாள் வைக்கிற வழக்கத்தைச் சொல்லும் சத்தியக்கடதாசியையும், படகுச் சொந்தக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

போன் வந்தது. அதே பெண். இந்த முறை நான் பட்டறைக்கு வெளியே வந்து, கரையில் நின்று பேசினேன். ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். படங்களெல்லாம் பார்த்தோம், வடிவாய் இருந்தது என்றார். பிறகு, "கடைசியா ஒரு கேள்வி அண்ணை. எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். இவர் திரும்பி வந்தால் நீங்கள் வேலைக்கு எடுப்பீங்களோ?" என்றார்.

எட்டு வருடமாக நான் அவனிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான், திரும்பி வருவதை. பெருமையாகக் கடிதத்திலும் எழுதி அனுப்பியிருந்தேன். இன்றைக்கே வரட்டும் என்றுதான் வாயில் வந்தது. உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

"எடுப்பன்" என்றேன். "ஆனா அவனுக்குத் திரும்பி வர வேண்டிய தேவ வரக்கூடாது பிள்ள."

"முதல் பாதியை மட்டும் எழுதிறன் அண்ணை" என்றார்.

அவர்கள் குடும்பமாகப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. போவதற்கு முதல் நாள் அவனுடைய மனைவி ஒரு சாக்குப் புதுநெல் அரிசி கொண்டுவந்து இறக்கினாள். அது சமாதானமா, கடைசிக் குத்தலா என்று எனக்கு இன்னும் தெரியாது. சோறு நன்றாகத்தான் இருந்தது. பட்டறையில் இப்போது மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்தாலும் அவனாகவில்லை. ஹோட்டல்காரர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். யார் என்றைக்கு வந்தார்கள் என்று காலையில் எழுதுகிறேன். வராதவர்களை எழுதுவதில்லை.

போன கிழமை வாகரைப் பக்கமிருந்து ஒரு தோணி ஒட்டுவதற்கு வந்தது. இரண்டு மூன்று கை மாறி அங்கே போயிருக்க வேண்டும். நாங்கள் தேடித் திரிந்த காலத்தில் எங்கள் கண்ணில் படவில்லை. குனிந்து பார்த்தேன். பங்குனி, திங்கட்கிழமை. வெட்டு மாதம். இனி அந்தத் தாளை எந்த அலுவலகமும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் ரெசினை ஈரத் துணியால் துடைத்துப் படம் எடுத்து, எழுபத்திரண்டு என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன்.

அங்கே வேலை முடிகிற நேரம்தான் பதில் வந்தது.

"அண்டைக்கும் பிந்தித்தானே வந்தன் அண்ணன்?"